மட்டை சேர்ந்த நேரம்

1. எட்டுக்குப் பத்து நிமிடம்

எங்கள் மேலதிகாரியாகப் புதிய துரை பொறுப்பேற்ற நாளன்று காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கந்தோருக்குள் வந்து நின்றார். உள்ளே என்னைத் தவிர வேறு எவரும் இல்லை. நான் மைக்கூட்டை நிரப்பி, பேனா முள்ளைத் துடைத்து வைத்து, அன்றைய கடிதங்கள் வரும் டப்பால் பைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். துரை சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீர் ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்கோ வாறனீர்?"

ஓம் என்றேன். அது உண்மை. என் வீடு வீதிக்கு அந்தப் பக்கம் நாலு நிமிட நடையில் இருந்தது. வீட்டில் மூன்று சிறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுவார்கள். ஊரில் அந்த நேரத்தில் சத்தமில்லாத இடம் கந்தோர் ஒன்றுதான். காரணத்தை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அரசாங்க சேவையில் நல்ல பெயர்களில் பாதி இப்படிக் கேட்கப்படாத கேள்விகளால் கிடைப்பவை என்பதை இளம் உத்தியோகத்தர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இது ஐம்பதுகளின் நடுப்பகுதியில் நடந்தது. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் கடலோரத்தில் இருந்த ஒரு கந்தோர் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். பெயரை எழுதினால், இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதும் வேலை வந்து சேரும். நான் அங்கே நீர்ப்பாசனப் பிரிவு லிகிதர், எழுத்தர். வயல்களுக்குத் தண்ணீர் விடுவது, வாய்க்கால் துப்புரவு, வேலி, கட்டாக்காலியாகத் திரியும் மாடு, இவை சம்பந்தமான பைல்கள் எல்லாம் என் மேசைக்கு வரும்.

துரை யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் படித்தவர். இலண்டனிலிருந்து தபால் மூலம் நடத்தப்பட்ட ஒரு முன்னேற்றப் பாடநெறியை முடித்திருந்தார். அந்தச் சான்றிதழ் சட்டம் போட்டு அவருடைய மேசைக்குப் பின்னால் தொங்கியது. பத்து மணிக்கு எங்களை எல்லாம் கூட்டி, 'முன்னேற்றத்துக்கான ஒன்பது பழக்கங்கள்' என்று டைப் அடித்த தாளை ஆளுக்கொன்று தந்தார். முதலாவது பழக்கம்: காலை ஐந்து மணிக்கு எழும்புதல்.

கந்தோரில் பாதிப்பேர் சுபஹுத் தொழுகைக்காக அதற்கு முன்பே எழும்புகிறவர்கள். ஆலையடிவேம்பிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் பியோன் கணபதிக்கு ஐந்து மணி என்பது குளித்து முடித்துப் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம். கூட்டம் கலைந்ததும் அவர் தாளோடு என் மேசைக்கு வந்தார். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த மனிதர்.

"ஐயா, நான் முப்பது வரியமா நாலு மணிக்கு எழும்புறன். இன்னும் பியோனாத்தான் இரிக்கன். எத்தின மணிக்கு எழும்பினா கிளாக்கராகலாம்?"



2. முப்பத்திரண்டு பெட்டிகள்

ஒன்பது பழக்கங்களில் உயிரானது நான்காவது. ஒவ்வொரு லிகிதருக்கும் ஒரு கால்மணிப் புத்தகம். எட்டு மணி முதல் நாலு மணி வரை எட்டு மணித்தியாலம். மணிக்கு நாலு பெட்டி வீதம் நாளுக்கு முப்பத்திரண்டு பெட்டிகள். ஒவ்வொரு கால்மணி நேரத்திலும் என்ன செய்தோம் என்பதை அந்தந்தப் பெட்டியில் எழுத வேண்டும். மாலையில் துரை எல்லாப் புத்தகங்களையும் பார்ப்பார். வெறும் பெட்டி இருந்தால் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போடுவார்.

பெட்டிகளை நிரப்புவதற்கே நாளொன்றுக்கு மூன்று பெட்டி செலவானது. ஆனால் 'பெட்டி நிரப்பினேன்' என்று பெட்டியில் எழுத முடியாது. எனவே 'பதிவேடுகளைச் சீர்செய்தல்' என்று எழுதினோம். ஒரு கிழமைக்குள் எங்கள் கந்தோரின் பதிவேடுகள் இலங்கையிலேயே அதிகம் சீர்செய்யப்பட்டவை ஆகிவிட்டன. தேநீர் குடிப்பது 'அலுவலகத் தொடர்பாடல்' ஆனது. மாட்டு பைல் பார்க்கும் நண்பர் ஒருவர் ஒரு முழுப் பிற்பகலை 'கட்டாக்காலி மாடுகள் பற்றிய ஆய்வு' என்று எழுதிவிட்டு ஜன்னல் வழியே மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பொய்யும் அல்ல.

என் புத்தகத்தில் மட்டும் சிவப்புக் கேள்விக்குறி விழவே இல்லை. வந்த கடிதம் வந்த கால்மணியிலேயே இன்வார்ட் ரெஜிஸ்டரில் ஏறும். அடுத்த கால்மணியில் பைலில் மினிட் குறிப்பு எழுதப்படும். அதற்கு அடுத்ததில் பதில் டைப்புக்குப் போகும். மாலையில் என் மேசையில் கண்ணாடி விரிப்பும் மைக்கூடும் மட்டுமே மிஞ்சும். துரை மற்றவர்களை அழைத்து வந்து அந்த வெறும் மேசையைக் காட்டுவார். நான் பக்கத்தில் நின்று அடக்கமாக முகத்தை வைத்துக்கொள்வேன். அந்த முகத்துக்கும் பயிற்சி தேவைப்பட்டது.

ஐந்தாவது பழக்கம் பொதுமக்கள் நேரம். மக்கள் காலை பத்திலிருந்து பதினொன்று வரைதான் வரலாம். எங்கள் மக்களோ காலையில் வயலுக்கோ கடலுக்கோ போய், வெயில் ஏறிய பிறகு கந்தோருக்கு வருகிறவர்கள். நண்பகல் தொழுகையைக் கணக்கு வைத்து 'லுஹருக்கு முன்னால் வாறன்' என்றுதான் அவர்களுக்குச் சொல்லத் தெரியும். பதினொன்று ஐந்துக்கு வந்தவர்களை வாசலில் வைத்தே கணபதி திருப்பி அனுப்பினார். 'மக்களால் ஏற்படும் இடையூறு பாதியாகக் குறைந்தது' என்று துரை மாத அறிக்கையில் எழுதினார். டைப்புக்குப் போகும் முன் பிழை திருத்தியது நான்.

3. கூட்டத்தில் ஒரு தேங்காய்மட்டை

அந்த வருடம் மாரிப் போகத்தை வெள்ளம் அழித்தது. சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் இருந்தாலும், கச்சான் காற்று முன்னதாகவே தொடங்கிவிட்டது. மேற்கிலிருந்து நெருப்பாக வரும் அந்தக் காற்றில் வாய்க்கால்கள் காய்ந்து வெடித்தன. இனித் தண்ணீரை முறை வைத்து விட வேண்டும் என்று கமக்காரர்களைப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டினார்கள். துரை தலைமை. நான் மினிட்ஸ் எழுதினேன்.

குளத்தின் சுலூஸ் மதகிலிருந்து ஒரே வாய்க்கால். அதன் வழியே நாலு கண்டங்கள், அதாவது நாலு வயல் தொகுதிகள். முதலாம் கண்டம் சுலூஸுக்குப் பக்கத்தில், நாலாம் கண்டம் மூன்று மைலுக்கு அப்பால் கடைசியில். மேலே இருப்பவர்கள் குடித்து மிஞ்சுவதுதான் கடைசிக்கு வரும் என்பதால், முறை வைக்கும் காலங்களில் நாலாம் கண்டத்துக்கே முதல் முறை. பிறகு மூன்றாவது, இரண்டாவது, முதலாவது. இது பழைய வழக்கம்.

துரைக்கு இந்த வழக்கம் பிடித்திருந்தது. நீதியானது என்றார். நேரத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டார். வாய்க்கால்களுக்குப் பொறுப்பான வட்டவிதானை உதுமாலெவ்வை எழுந்து நின்றார். ஐம்பது வயது, தலையில் துவாய், சிரிக்காமல் கதைக்கும் மனிதர். சுலூஸைத் திறந்ததும் ஒரு தேங்காய்மட்டையைத் தண்ணீரில் போடுவோம், மட்டை கடைசிக் கண்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர்களுடைய முறை தொடங்கும் என்று விளக்கினார்.

மட்டை போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று துரை கேட்டார்.

"அது மட்டைட கையில இல்ல துரை. வாய்க்கால் ஈரமெண்டா சுறுக்கா போகும். காஞ்சி கிடந்தா மண் குடிச்சி முடியத்தான் தண்ணி நகரும். கச்சானெண்டா மூணு மணித்தியாலமும் ஆகும்."

துரை சிரித்தார். முன்வரிசையில் இருந்த பெரிய மனிதர்களும், எதற்கென்று தெரியாவிட்டாலும் சிரித்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரத்தைக் காட்டுவது கடிகாரம் ஆகாது என்றும், இருபதாம் நூற்றாண்டில் தேங்காய்மட்டையை நம்பித் தண்ணீர் விட முடியாது என்றும் துரை அறிவித்தார். இனிமேல் எல்லாம் மணிக்கணக்கில். அட்டவணையை மிஸ்டர் தாஹிர் தயாரிப்பார் என்றார்; அது நான்தான். என் பக்கம் திரும்பி, மட்டை பற்றிய கதையை மினிட்ஸில் எழுத வேண்டாம் என்றார். நான் எழுதவில்லை.

உதுமாலெவ்வை உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. சொன்னபடியே செய்யப்போகிற ஒரு மனிதனின் அமைதி இருந்தது. மேலதிகாரிகள் பயப்பட வேண்டியது அதற்குத்தான் என்பதை நான் பின்னாலேதான் கற்றுக்கொண்டேன்.

4. இரண்டு நிற மையில்

அட்டவணையை மறுநாள் மாலை நாலு மணிக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன். நீல மையில் கோடு, சிவப்பு மையில் எழுத்து. திங்களும் வியாழனும் காலை ஆறு மணிக்கு சுலூஸ் திறக்கப்படும். ஆறிலிருந்து ஒன்பது வரை நாலாம் கண்டம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மூன்றாம் கண்டம். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை இரண்டாம் கண்டம். மூன்றிலிருந்து ஆறு வரை முதலாம் கண்டம். எல்லாருக்கும் சமமாக மூன்று மணித்தியாலம். சுவரில் ஒட்டினால் எட்ட நின்று பார்க்கவும் அழகாக இருக்கும்.

மூன்றே முக்காலுக்குக் கடைசிக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது என் கை நின்றது. அதே குளத்தின் கீழ் என் வாப்பாவுக்கும் ஓர் ஏக்கர் இருந்தது. மட்டைக்குப் பின்னால் வரம்பில் ஓடி வளர்ந்தவன் நான். ஆறு மணிக்கு சுலூஸைத் திறந்தால் ஆறு மணிக்குக் கடைசிக் கண்டத்தில் தண்ணீர் இருக்காது என்பது எனக்குத் தெரியும். இந்த அட்டவணைப்படி நாலாம் கண்டத்தின் மூன்று மணித்தியாலமும் காய்ந்த வாய்க்காலை நனைப்பதிலேயே முடிந்துவிடும். ஈரமான வாய்க்காலில் மற்ற மூன்று கண்டங்களுக்கும் தண்ணீர் தாராளமாக ஓடும்.

இதை ஒரு குறிப்பாக எழுதித் துரையிடம் வைத்தால் அட்டவணை நாளைக்குத் தள்ளிப்போகும். நாலு மணிக்கு என்று நான் சொல்லியிருந்தேன். என் புத்தகத்தில் கேள்விக்குறி விழுந்ததே இல்லை. கோட்டைப் போட்டு முடித்தேன். நாலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அட்டவணை துரையின் மேசையில் இருந்தது.

வட்டவிதானைக்குக் கந்தோர் ஒரு டைம்பீஸ் கொடுத்தது. மணியடிக்கும் டைம்பீஸ். இன்வென்டரியில் இலக்கம் போட்டு, கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். உதுமாலெவ்வை அதைக் காதில் வைத்துக் கேட்டார். துவாயில் சுற்றி ஓலைப்பெட்டிக்குள் வைத்தார்.

"இதுதான் துரைட மட்டையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

5. ஆதம்பாவா காக்கா

அட்டவணை தொடங்கிய திங்கட்கிழமை பதினொன்று இருபதுக்கு, ஊரில் எல்லாரும் காக்கா, அண்ணன், என்று கூப்பிடும் ஆதம்பாவா வந்தார். நாலாம் கண்டத்தின் கடைசி வயல், இரண்டு ஏக்கர், அவருடையது. மெலிந்த மனிதர். சாரனில் காய்ந்த சேறு. மாரியில் வெள்ளம் கொண்டுபோனதில் அவருடைய வேளாண்மை முழுவதும் போயிருந்தது. அந்த வீட்டின் வருடச் சோறு முழுக்க இந்தச் சிறுபோகத்தில்தான் இருந்தது. பயிர் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் உள்ளே திரண்டு வெளியே வரக் காத்திருக்கும் பருவம். பத்துப் பதினைந்து நாள் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வரும், மணி வராது.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று கணபதி அவரை வாசலிலேயே நிறுத்தி நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொன்னார். என் மேசையிலிருந்து வாசல் தெரியும். எனக்கு அது பதினான்காவது பெட்டி. நான் தலையைத் தூக்கவில்லை.

செவ்வாய் பத்து ஐந்துக்கு வந்தார். தண்ணீர் வரவில்லை என்றார். நானே மனுவை எழுதி, கைநாட்டு வாங்கி, அதே கால்மணியில் ரெஜிஸ்டரில் ஏற்றினேன். அடுத்த கால்மணியில் வட்டவிதானையிடம் அறிக்கை கேட்டேன். புதன்கிழமை அறிக்கை வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைக் கொண்டு எழுதுவித்திருந்தார். அட்டவணைப்படி ஆறு மணிக்கு நாலாம் கண்டத்தின் முறை தொடங்கி ஒன்பது மணிக்கு முடிந்தது, டைம்பீஸ் சரியாக மணியடித்தது, அவ்வளவுதான். வியாழக்கிழமை பதில் போனது. 'தங்களுக்கு ஒதுக்கப்பட்ட மூன்று மணித்தியாலங்களும் தவறாது வழங்கப்பட்டுள்ளதாக அறியத் தருகிறேன்.' மூன்று நாளில் ஒரு மனு முடிந்தது. கந்தோரின் சரித்திரத்தில் அப்படி நடந்ததில்லை. துரை அந்த பைலை மற்ற லிகிதர்கள் பார்க்க ஒரு நாள் முழுக்கத் தன் மேசையில் வைத்திருந்தார்.

அடுத்த திங்கள், மறுபடியும் பதினொன்று இருபது. வாசலில் பேச்சுக் கேட்டது.

"நேரம் முடிஞ்சிட்டு காக்கா," என்றார் கணபதி.

"முடிஞ்சதுதான் கணபதி. அதெச் சொல்லத்தான் வந்தன்."

அவர் நேரே உள்ளே வந்தார். கையில் இருந்ததை என் கண்ணாடி விரிப்பின் மேல் வைத்தார். சேறு ஒட்டிய ஒரு தேங்காய்மட்டை. தண்ணீர் வடிந்து கால்மணிப் புத்தகத்தை நோக்கி ஊர்ந்தது.

"கிளாக்கர் தம்பி, ஒங்கட கடிதம் வந்திச்சி. மகன் வாசிச்சிக் காட்டினான். மூணு மணித்தியாலம் எனக்குத் தண்ணி தந்ததா எழுதியிரிக்கி. நல்ல எழுத்து. அதெக் கொண்டுபோய் வயலுக்கிட்ட காட்டினன். வயலுக்கு வாசிக்கத் தெரியா."

நான் உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. அன்று காலை ஆறு மணிக்கு சுலூஸடியில் தானே மட்டையைப் போட்டு, அதனோடு வாய்க்கால் வரம்பில் நடந்து வந்ததைச் சொன்னார். ஒன்பது மணிக்கு மட்டை, மூன்றாம் கண்டத்துக்குத் தண்ணீர் பிரியும் வாயடிக்கு வந்தது. அப்போது டைம்பீஸ் அடித்தது. மூன்றாம் கண்டத்துக்காரர்கள் தங்கள் வாயை வெட்டித் திறந்து, வாய்க்காலைக் குறுக்கே மறித்தார்கள். மட்டை அவர்களுடைய வயலுக்குள் திரும்பப் பார்த்தது. அவர் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"இது எனக்கு மூணாந்தடவ. இன்னும் ரெண்டு தரம் இப்பிடியெண்டா நான் அருவாளைத் தீட்டத் தேவல்ல. ஒங்கட வாப்பா இந்த மட்டைக்குப் பின்னால நடந்த மனிசன். ஒங்களுக்குத் தெரியாதெண்டு நான் நினைக்கல்ல, தம்பி. அதுதான் எனக்கு விளங்கல்ல."

நான் மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

6. பெட்டி காலி

ஆலோசனைகளை லிகிதர்கள் துரையிடம் சொல்லலாம். அதற்கான நேரம் மூன்றே முக்காலிலிருந்து நாலு மணி வரை. நான் பதினொன்றரைக்கு மட்டையோடு அவருடைய அறைக்குள் போனேன். அவர் முதலில் மட்டையைப் பார்த்தார், பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"மிஸ்டர் தாஹிர், உமக்கு இப்ப எந்தப் பெட்டி?"

"பெட்டி காலி, சேர்," என்றேன். "நான் தந்த அட்டவணை பிழை."

நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கெட்டிக்காரர், பாதியிலேயே விளங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். பிழையை எப்போது கண்டுபிடித்தீர் என்று கேட்டார்.

"போடும்போதே தெரியும் சேர்."

"தெரிஞ்சும் ஏன் போட்டனீர்?"

"நாலு மணிக்கு முடிக்கிறதாச் சொல்லியிருந்தன்."

அவர் திரும்பி, பின்னால் தொங்கிய சான்றிதழைப் பார்த்தார். வியாழக்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும், காலை ஐந்தரைக்கு பங்களாவிலிருந்து ஜீப் புறப்படும் என்றும் சொன்னார். என் பெயருக்கு இனி என்ன ஆகும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

வியாழன் ஐந்து இருபதுக்கு நான் பங்களா வாசலில் நின்றேன். துரை இன்னும் எழும்பவில்லை என்று சமையற்காரன் சொன்னான். எப்போது எழும்புவார் என்று கேட்டேன். அவன் கேள்வியே விளங்காதவன் போல, வழமையான நேரத்துக்கு என்றான். வழமையான நேரம் ஏழேகாலாக இருந்தது. ஜீப்பில் போகும் வழியில் நாங்கள் முதலாவது பழக்கத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஒன்பதுக்குக் கால்மணி இருக்கும்போது மூன்றாம் கண்டத்து வாயடியில் இறங்கினோம். உதுமாலெவ்வை ஓலைப்பெட்டியோடு நின்றார். மூன்றாம் கண்டத்துக்காரர் இருவர் மண்வெட்டியோடு தயாராகக் குந்தியிருந்தார்கள். ஆதம்பாவா சற்று மேலே வரம்பில் நடந்து வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில், அவருடைய நடைக்குச் சமமாக, தண்ணீர் வந்தது.

அப்படித் தண்ணீரின் தலையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நுரையும் சருகும் செத்த நண்டோடுகளும் எறும்புக் கூட்டமும் முன்னால் தள்ளுண்டு வரும். வெடிப்புகளுக்குள் இறங்கி, நின்று, குமிழிவிட்டு, நிரம்பி, பிறகு ஒரு முழம் நகரும். அதற்குப் பின்னால் மட்டை ஆடிக்கொண்டு வந்தது. எங்களைத் தாண்டி, மூன்றாம் கண்டத்து வாயைத் தாண்டி, கடைசிக் கண்டத்தின் பக்கம் திரும்பியது. ஆதம்பாவா எங்களுக்கு ஸலாம் சொன்னார், நிற்கவில்லை. அவருடைய வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வக்கடைக்கு இன்னும் முந்நூறு யார் தூரம் இருந்தது.

ஓலைப்பெட்டிக்குள் டைம்பீஸ் மணியடித்தது. இருவரும் எழுந்து, புல்லுக்கட்டியையும் கிளைகளையும் வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டார்கள். இரண்டு நிமிட வேலை. கடைசிக் கண்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் மெலிந்து, கொஞ்ச தூரம் தயங்கி, மண்ணுக்குள் இறங்கியது. மட்டை தரை தட்டி நின்றது. ஆதம்பாவா அதன் பக்கத்தில் நின்றார். திரும்பி எங்களைப் பார்க்கவில்லை.

ஏன் மறிக்கிறார்கள் என்று துரை கேட்டார்.

"ஒம்பது மணி துரை," என்றார் உதுமாலெவ்வை. "கடைசிக் கண்டத்து நேரம் முடிஞ்சிது."

"தண்ணி இப்பதானே வந்தது?"

"ஓம் துரை. தண்ணி இப்பதான் வந்தது. நேரம் ஆறு மணிக்கே வந்திட்டுது."

துரை தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கப் போனவர், பார்க்காமல் கையை இறக்கினார். மறிப்பை எடுக்கச் சொன்னார். மூன்றாம் கண்டத்துக்காரர் எங்கள் முறை என்னாவது என்று முறையிட்டார்கள். அதற்கும் உதுமாலெவ்வையிடம் பழைய கணக்கு இருந்தது. வாய்க்கால் நனைந்த பிறகு மேல் கண்டங்களுக்கு ஆளுக்கு இரண்டு மணித்தியாலம் போதும். கடைசிக்குப் பன்னிரண்டு வரை விட்டாலும் ஆறு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். இதைக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே என்றார் துரை.

"சொல்ல எழும்பினன். துரை சிரிச்சிங்க. நான் உட்கார்ந்திட்டன்."

மட்டை ஆதம்பாவாவின் வக்கடையைத் தொடும் வரை துரை வெயிலில் நின்றார். பத்து மணிக்கு அவருக்கு ஒரு கூட்டம் இருந்தது. மாலையில் தற்செயலாக அவருடைய சொந்தக் கால்மணிப் புத்தகத்தைக் கண்டேன். அன்று காலைக்குரிய பெட்டிகள் வெறுமையாக இருந்தன. கேள்விக்குறி போட அவருக்கு மேலே அங்கே ஆள் இல்லை.

7. இன்வென்டரியில் ஒரு மிதப்பு

ஒரு மேலதிகாரி தோற்றுப்போனால் அரசாங்கம் அதை எப்படிப் பதியும் என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படிப் பதிவதற்குப் படிவம் இல்லை. சனிக்கிழமை புதிய சுற்றறிக்கை வந்தது. தண்ணீர் அட்டவணையில் 'மட்டை சேர்ந்த நேரம்' என்று ஒரு பத்தி சேர்க்கப்பட்டது. மட்டைக்கு இலக்கம் கொடுக்கப்பட்டது. 'மிதப்பு, தேங்காய்மட்டை, ஒன்று' என்று இன்வென்டரியில் என் கையாலேயே எழுதினேன். வருட இறுதியில் பொருட்களைச் சரிபார்க்க வந்த உத்தியோகத்தர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, 'நல்ல நிலை' என்று குறித்தார். டைம்பீஸை உதுமாலெவ்வை திருப்பித் தந்தார். மட்டைக்குச் சாவி கொடுக்கத் தேவையில்லை என்றார்.

துரை அடுத்த வருடம் பதவி உயர்வோடு போனார். பிரியாவிடையில் பேசியவர்கள், அவர் அறிமுகப்படுத்திய விஞ்ஞான முறை மிதப்புத் திட்டத்தைப் பாராட்டினார்கள். உதுமாலெவ்வை முன்வரிசையில் இருந்து கைதட்டினார். சிரிக்கவில்லை.

என் மேல் எந்த நடவடிக்கையும் வரவில்லை. என் மேசையைக் காட்ட மட்டும் துரை பிறகு எவரையும் அழைத்து வரவில்லை.

அறுவடை முடிந்து, சூடு அடித்து நெல்லைப் பிரித்த பிறகு ஆதம்பாவா ஒரு நாள் வந்தார். பதினொன்று இருபதுதான். கணபதி எழுந்து வழிவிட்டார். அவர் இரண்டு சிறு துணி முடிச்சுகளை எடுத்து, என் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று வைத்தார். இரண்டும் ஒரே அளவு.

"மேட்டு ஏக்கர் தப்பிட்டுது. பள்ளத்து ஏக்கர் முந்திக் கதிர் தள்ளினது, அது பொறுக்கல்ல. இந்தக் கையில இரிக்கிறது மட்டைட நேரத்தில விளைஞ்சது. அந்தக் கையில இரிக்கிறது ஒங்கட நேரத்தில விளைஞ்சது. எது நெல்லு, எது பதரெண்டு அவிழ்த்துப் பார்க்கத் தேவல்ல தம்பி."

தேவைப்படவில்லை. வலக்கை தாழ்ந்தது. இடக்கையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வருடச் சோற்றில் மீதி ஆறு மாதத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சாய்ந்தமருதில் மச்சானுடைய கரைவலைக்கு ஆள் தேவையாம், கயிறு இழுக்கப் போகப்போவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, நான் தந்த தேநீரைக் குடித்துவிட்டுத்தான் போனார். அதை நான் என் புத்தகத்தில் அலுவலகத் தொடர்பாடல் என்று எழுதவில்லை. ஆதம்பாவா காக்கா தேநீர் குடித்தார் என்று எழுதினேன்.

இப்போது உங்களுக்கு நேர முகாமைத்துவம் என்று மூன்று நாள் பயிற்சியே நடத்துகிறார்கள். அதற்கு எதிராக எனக்கு ஒன்றும் இல்லை. நேரத்துக்கு வாருங்கள், டப்பாலை அன்றே பாருங்கள், நாள் குறித்துத் திரும்பப் பார்க்க வேண்டிய பைல்களின் பிரிங்-அப் டயரியைத் தள்ளிப்போடாதீர்கள். நானும் ஓய்வு பெறும் நாள் வரை எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே போனவன்தான். அந்த வருடத்துக்குப் பிறகு என் ரெஜிஸ்டரில் ஒரு பத்தியைக் கூட்டிக்கொண்டேன். கடிதம் என் மேசையை விட்டுப் போன நேரத்துக்குப் பக்கத்தில், கேட்டவருக்குக் கேட்ட காரியம் கிடைத்த நேரம். அது நிரம்பும் வரை பைலை மூடுவதில்லை. அதனால் மாலையில் என் மேசை வெறுமையாக இருப்பது நின்றது. மூன்று நாளில் மனு முடிக்கும் பெயரும் போனது. பதவி உயர்வு இரண்டு வருடம் பிந்தியது என்று சொன்னார்கள். இருக்கலாம்.

ஒன்பது பழக்கங்களில் இங்கே சொன்ன மூன்றைத் தவிர மற்றவற்றை மறந்துவிட்டேன். பத்தாவதாக எனக்கென்று ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. எதையாவது சொன்ன நேரத்துக்கு முடித்துக் கையெழுத்து வைக்கப் போகும்போது, ஒருமுறை இடக்கையை விரித்து, அதில் பாரம் இருக்கிறதா என்று தூக்கிப் பார்ப்பேன்.